சின்னமுத்து சின்ன நோயல்ல

எமது கிராமங்களில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து கண்டுவிட்டால் படலையில் வேப்பிலைக் கொத்து ஏறும். அந்த வீட்டில் மச்சம் சமைக்கமாட்டார்கள். அயலவர் படலையோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். பிள்ளையை வெளிச்சம் குறைந்த அறையில் கிடத்தி, வேப்பிலையால் வருடி, இளநீரும் கஞ்சியும் கொடுத்து, முத்து இறங்கிய பின் தண்ணீர் வார்ப்பார்கள். "அம்மாள் வந்திட்டுப் போறா" என்று மூத்தோர் சொல்லுவார்கள்.

இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பதும், ஓய்வு கொடுப்பதும், இலகுவான ஆகாரமும் நீராகாரமும் கொடுப்பதும், கூசும் கண்களுக்கு வெளிச்சத்தைக் குறைப்பதும் இன்றைய வைத்தியர்களும் ஏற்றுக்கொள்ளும் காரியங்களே. ஆயினும் அந்த வழக்கத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை. எந்த நாளில், எந்த அறிகுறியைக் கண்டால், வேப்பிலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்? அந்த விடை தெரியாத காரணத்தால் இழந்த உயிர்கள் உலகெங்கும் பல இலட்சம்.

எட்டு மாதக் குழந்தை ஒன்று

2013 ஆம் ஆண்டில் நாம் வன்னிப் பகுதியில் ஒரு சிறிய பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பின் பங்குமனைக் கதவைத் தட்டினார்கள். அந்த ஊரில் அப்பொழுது இரவில் ஓடக்கூடிய வாகனம் எம்மிடம் இருந்த பழைய பிக்கப் ஒன்றுதான். வாசலில் ஒரு இளந்தாய் எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றார். பக்கத்தில் குழந்தையின் அப்பம்மா.

"ஃபாதர், முத்து நல்லா இறங்கியிட்டுது. ஆனா பிள்ளை பாலைக் குடிக்குதில்லை. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது" என்றார் அப்பம்மா.

முத்து இறங்கிவிட்டது, ஆகவே நோய் போய்விட்டது என்றே அந்தக் குடும்பம் மூன்று நாட்களாக எண்ணியிருந்தது. காய்ச்சல் விட்டபாடில்லை. ரோச் வெளிச்சத்தில் பார்த்தபோது குழந்தையின் விலாவுக்குக் கீழே நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்துகொண்டிருந்தது.

அருகிலிருந்த வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்து, ஊசி மருந்தும் ஏற்றி, அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். நியூமோனியா என்றார்கள். அங்கே குழந்தை பதினொரு நாட்கள் இருந்தது, உயிர் தப்பியது. வீடு திரும்பிய பிறகும் பல வாரங்களாக ஒரு காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

பெரிய வைத்தியசாலையில் டாக்குத்தர் கேட்ட ஒரு கேள்வி இன்றும் எமது மனதில் நிற்கிறது. "வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலும் தழும்பும் வந்ததா?" வந்திருந்தது. கொழும்பில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த தாய்மாமன், இரண்டு கிழமைக்கு முன் காய்ச்சலோடு லீவில் வந்து, மருமகனைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார். அவருக்கு அப்பொழுது இருபத்து நான்கு வயது. அவருடைய பிள்ளைப் பருவம் பதுங்கு குழிக்கும் அகதி முகாமுக்கும் இடையே கழிந்தது. ஊசி போட்டதா இல்லையா என்று காட்ட அட்டையும் இல்லை, சொல்லக்கூடிய தாயும் உயிரோடு இல்லை.

குழந்தைக்கோ ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. அப்படியானால் பிழை யாருடையது? தாயுடையதா, மாமனுடையதா, அப்பம்மாவுடையதா? இந்தக் கேள்வியோடுதான் நாம் இந்த நோயைப் பற்றி வாசிக்கவும் கேட்கவும் தொடங்கினோம்.

நோய் என்ன செய்கிறது?

சின்னமுத்து ஒரு வைரசினால் உண்டாகும் நோய். இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் இந்த வைரசு, நோயாளி அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணித்தியாலம் வரை அந்தக் காற்றில் உயிரோடு நிற்கக்கூடியது. எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். தழும்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதாவது, படலையில் வேப்பிலை ஏறுமுன்பே நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

தொற்றி ஏறக்குறையப் பத்து நாட்களில் காய்ச்சல், இருமல், மூக்கு வடிதல், கண் சிவத்தல் என்பன ஆரம்பிக்கும். கன்னத்தின் உட்புறத்தில் உப்புத் துகள் போன்ற வெண்புள்ளிகள் தெரியலாம். பின்னர் காதின் பின்புறமும் முகமும் தொடங்கித் தழும்பு கீழ்நோக்கி உடலெங்கும் பரவும். பெரும்பாலான பிள்ளைகள் இதோடு தேறிவிடுகிறார்கள். அதனால்தான் "சின்னமுத்துத்தானே" என்ற அலட்சியம் எம்மிடையே வேரூன்றியது.

பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் தழும்பு அல்ல. தழும்பின் பின்னால் வருகின்றவை. வைரசு சுவாசக் குழாயின் உட்பூச்சையும் குடலின் உட்பூச்சையும் சிதைக்கிறது. அதோடு உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்புக் கலங்களையே பிடித்து அழிக்கிறது. காவலாளி விழுந்த வீட்டுக்குள் கள்ளர் புகுவதுபோல மற்றக் கிருமிகள் உள்ளே வருகின்றன. பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் காதில் அழற்சி ஏற்படுகிறது. இருபதில் ஒன்றுக்கு நியூமோனியா வரலாம். சின்னமுத்தினால் இறக்கும் பிள்ளைகளில் மிகக் கூடுதலானோர் இதனாலேயே இறக்கின்றனர். வயிற்றோட்டமும் அதனால் உடல்நீர் வற்றுதலும் வேறு சிலரைக் கொண்டுபோகின்றன. தொண்டையும் குரல்வளையும் வீங்கி மூச்சு அடைபடுவதும் உண்டு. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையில் அழற்சி ஏற்பட்டு வலிப்பும் மயக்கமும் வருகின்றன; தப்பினாலும் செவிப்புலனோ அறிவு வளர்ச்சியோ பாதிக்கப்படலாம்.

மிக அரிதாக, நோய் தேறி ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையின் மூளையை வைரசு மெல்ல மெல்ல அழிப்பதும் உண்டு. அதற்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. இரண்டு வயதுக்கு முன் சின்னமுத்து கண்ட குழந்தைகளுக்கே இந்த ஆபத்து கூடுதலாக உள்ளது.

இன்னொரு விடயமும் அண்மைக் காலத்தில் தெளிவாகியுள்ளது. சின்னமுத்து, உடல் முன்பு மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்துவைத்த நினைவையும் அழித்துவிடுகிறது. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்ட பிள்ளைகளின் உடலில் ஏற்கனவே இருந்த நோயெதிர்ப்புப் பொருட்களில் 11 வீதம் முதல் 73 வீதம் வரை மறைந்துபோயிருந்தமை கண்டறியப்பட்டது. ஆகவே முத்து இறங்கிய பிறகும் பல மாதங்களுக்கு, சில வேளை ஆண்டுகளுக்கு, அந்தப் பிள்ளை மற்ற நோய்களுக்கு இலகுவில் ஆளாகிறது. "முத்து கண்ட பிறகு பிள்ளை தேறவேயில்லை" என்று எமது பாட்டிமார் சொன்னதில் உண்மை இருந்திருக்கிறது.

வைத்தியசாலையில் என்ன செய்கிறார்கள்?

"வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் இதுக்கு மருந்து இல்லையாமே" என்று பலர் கேட்கிறார்கள். சின்னமுத்து வைரசை அழிக்கும் தனி மருந்து இன்றுவரை இல்லை என்பது உண்மை. ஆனால் வைத்தியசாலை வைரசோடு சண்டை பிடிப்பதில்லை. உடல் தானாகவே வைரசை வெல்லும் வரை பிள்ளையின் உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது.

மூச்சு இழுக்கும் பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுக்கிறார்கள். நியூமோனியா, காது அழற்சி போன்றவை பற்றீரியாக்களால் வந்திருப்பின் அவற்றுக்குரிய நுண்ணுயிர்கொல்லி மருந்தை ஏற்றுகிறார்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனியும், தேவையானால் சேலைனும் கொடுக்கிறார்கள். வாய்ப்புண் காரணமாகப் பால் குடிக்க மறுக்கும் குழந்தைக்கு வாயைச் சுத்தம் செய்து, முடியாவிடின் மூக்கின் வழியே குழாய் வைத்து, உணவு செலுத்துகிறார்கள். கண்களைக் கழுவி, புண் ஏற்படாமல் மருந்து இடுகிறார்கள். வலிப்பு வந்தால் அதை அடக்குகிறார்கள். மிக மோசமான நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தின் உதவியால் மூச்சு விடச் செய்கிறார்கள்.

இவற்றுள் பெரும்பாலானவை சிறிய வைத்தியசாலைகளிலும் செய்யக்கூடியவை. ஒட்சிசன், விலை குறைந்த மருந்துகள், சுத்தமான நீர், நல்ல தாதி ஒருவரின் கவனிப்பு ஆகியவையே கூடுதலான பிள்ளைகளைக் காப்பாற்றுகின்றன. பிள்ளை நேரத்தோடு வந்து சேர வேண்டும் என்பதே அதற்குரிய ஒரே நிபந்தனை.

மீனெண்ணெய் சொன்ன பாடம்

வைத்தியசாலையில் கொடுக்கும் இன்னொரு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது விற்றமின் ஏ.

1932 இல் லண்டனில் எலிசன் என்ற வைத்தியர், சின்னமுத்தோடு வைத்தியசாலைக்கு வந்த 600 பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்தார். 300 பேருக்கு விற்றமின் ஏ நிறைந்த மீனெண்ணெய் கொடுக்கப்பட்டது. மற்ற 300 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படாதவர்களுள் 26 பேர் இறந்தனர். கொடுக்கப்பட்டவர்களுள் இறந்தோர் 11 பேர். இவ்வளவு தெளிவான பாடம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது.

பின்னர் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஹசி, கிளைன் என்ற இரு வைத்தியர்கள் சின்னமுத்தின் கடும் விளைவுகளோடு வந்த 189 பிள்ளைகளிடம் இதை மீண்டும் சோதித்து 1990 இல் வெளியிட்டனர். இறந்த 12 பிள்ளைகளில் 10 பேர் விற்றமின் ஏ பெறாதவர்கள். பெற்றவர்களுக்கு நியூமோனியா ஏறக்குறைய அரைவாசி நாட்களில் தேறியது. இன்று உலக சுகாதார நிறுவனம், சின்னமுத்து கண்ட பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வயதுக்கேற்ற அளவில் விற்றமின் ஏ கொடுக்குமாறு பணிக்கிறது. கண்களைப் பார்வையிழப்பிலிருந்து காப்பதும் இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விற்றமின் ஏ தடுப்பூசிக்குப் பதிலாகாது. அது நோய் வராமல் தடுக்காது. அளவுக்கு மிஞ்சினால் நஞ்சாகும். 2025 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சின்னமுத்து பரவி 760க்கு மேற்பட்டோர் நோயுற்று, ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தபோது, சில பெற்றோர் வீட்டிலேயே விற்றமின் ஏயை அளவின்றிக் கொடுத்தனர். அப்பிள்ளைகள் சிலர் ஈரல் பாதிப்பின் அறிகுறிகளோடு வைத்தியசாலைக்கு வந்தனர். ஆகவே கடையில் வாங்கும் குளிசைகளை நம்பாமல், வைத்தியர் தரும் அளவையே நம்ப வேண்டும். நோயில்லாத காலத்தில் முருங்கையிலை, பப்பாசி, பூசணி, மாம்பழம், முட்டை என்பவற்றைப் பிள்ளைக்குக் கொடுத்து வருவதே எமது வளவுக்குள் கிடைக்கும் காப்பு.

வைத்தியசாலையே நிரம்பிவிட்டால்?

ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் வைத்தியசாலை தாங்கும். ஒரே மாதத்தில் ஆயிரம் பிள்ளைகள் வந்தால் என்ன நடக்கும்? இதற்குப் பசுபிக் சமுத்திரத்தில் உள்ள சமோவா என்ற சிறு தீவு நாட்டின் அனுபவம் விடை சொல்கிறது. அங்குள்ள மக்கள் தொகை சுமார் இரண்டு இலட்சம்; எமது ஒரு மாவட்டத்தின் அளவே.

2018 யூலை மாதத்தில் அந்நாட்டின் சவாயி தீவில் ஒரே வயதுடைய இரு குழந்தைகள் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்தனர். தடுப்பு மருந்துத் தூளைக் கரைப்பதற்குரிய நீருக்குப் பதிலாக, தசைகளைத் தளர்த்தும் மயக்க மருந்து தவறுதலாகக் கலக்கப்பட்டமையே காரணம் என்பது பின்னர் விசாரணையில் தெளிவாகியது. தடுப்பு மருந்தில் பிழை இருக்கவில்லை. ஆயினும் அரசு ஊசி போடுவதைப் பல மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. தாய்மாரின் மனதில் பயம் குடிகொண்டது. 2018 இல் முதலாம் ஊசி பெற்ற குழந்தைகள் 31 வீதமாகக் குறைந்தனர். அந்தப் பயத்தை நாம் குறை கூற முடியுமா? இரண்டு பிள்ளைகளைப் புதைத்த ஊரில் எந்தத் தாய்தான் பயப்படமாட்டாள்?

அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் சின்னமுத்து பரவியபோது, அங்கிருந்து அது சமோவாவை வந்தடைந்தது. 2019 ஒக்டோபர் மாதத்தில் நோய் பரவுவதாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் 15 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, பாடசாலைகள் மூடப்பட்டன. அதற்குள் வைத்தியசாலைகள் நிரம்பிவிட்டன. 1,800க்கும் மேற்பட்டோர் விடுதிகளில் அனுமதிக்கப்பட்டனர். தீவிர சிகிச்சைப் படுக்கைகள் சிலவே இருந்த நாட்டில், அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வைத்தியர்களும் தாதியரும் வந்து இரவு பகலாகப் பணியாற்றினார்கள். அத்தனை பேர் உழைத்தும், 5,700 பேர் வரை நோயுற்று 83 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

டிசம்பர் 5, 6 ஆம் திகதிகளில் அரசு அலுவலகங்கள் அனைத்தையும் மூடி, ஊசி போடாதோர் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டுமாறு அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. உத்தியோகத்தர்கள் வீடு வீடாகச் சென்று ஊசி போட்டனர். சில வாரங்களில் நாட்டின் மக்களில் ஏறக்குறைய 95 வீதத்தினர் ஊசி பெற்றனர், நோய் அடங்கியது. எமது வேப்பிலை நோய் வந்துவிட்டது என்று சொல்கிறது. அந்தச் சிவப்புத் துணியோ நோய் வருமுன் இங்கே வாருங்கள் என்று அழைத்தது.

அதே மாதங்களில் அயலிலுள்ள தொங்கா நாட்டுக்கும் சின்னமுத்து வந்தது. அங்கே சுமார் 600 பேர் நோயுற்றனர், ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கே சிறு பிள்ளைகளுக்கு ஏற்கனவே ஊசி போடப்பட்டிருந்தது. வைரசு ஒன்றே, சமுத்திரமும் ஒன்றே. விளைவை மாற்றியது முன்கூட்டியே நடந்த கிளினிக்குகள்தான்.

எமது நாட்டின் கதை

இலங்கையில் சின்னமுத்துத் தடுப்பூசி 1984 இல் அறிமுகமானது. ஆயினும் 1999, 2000 ஆம் ஆண்டுகளில் நோய் பெரிதாகப் பரவியது. ஒரு ஊசி போதாது என்பது தெளிவாகி, 2001 இல் மூன்று வயதில் இரண்டாம் ஊசி சேர்க்கப்பட்டது. 2011 இல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி வந்தபோது, முதலாம் ஊசியின் வயது ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மாற்றப்பட்டது. சற்று வளர்ந்த பிள்ளையின் உடலில் ஊசி நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் 2013 இல் நோய் மீண்டும் பரவியபோது, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளே மிகவும் பாதிக்கப்பட்டனர். எமது கதையின் எட்டு மாதக் குழந்தையும் அவர்களுள் ஒன்று. 2015 இல் முதலாம் ஊசி மீண்டும் ஒன்பது மாதத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலுமாக இரண்டு ஊசிகள் போடப்படுகின்றன.

2019 யூலையில், இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாம் அனைவரும் பெருமைப்பட வேண்டிய செய்தி அது. ஆனால் ஒழித்தல் என்பது நாட்டுக்குள் நோய் தொடர்ந்து பரவவில்லை என்பதைக் குறிக்கிறதே தவிர, கடல் கடந்து வரமாட்டாது என்பதையல்ல. 2023 இல் நோயாளர்கள் மீண்டும் காணப்பட்டனர். ஊசி வயது வராத குழந்தைகளும், முன்பு ஊசியைத் தவறவிட்ட வளர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 2024 சனவரியில் யாழ்ப்பாணம், கல்முனை உட்பட ஒன்பது சுகாதாரப் பிரிவுகளில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி ஒன்று போட வேண்டி வந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்வுகளின் நடுவே வளர்ந்த ஒரு தலைமுறை எம்மிடம் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர்கள் ஷெல் வீச்சின் மத்தியிலும் குளிர்ப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முகாம் முகாமாகச் சென்றதை நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். அவர்களாலும் எட்ட முடியாதவர்கள் சிலர் இருந்தார்கள். அந்தத் தாய்மாமனைப் போன்றவர்கள் இன்று தகப்பன்மாராகவும் தாய்மாராகவும் இருக்கிறார்கள்.

எப்போது புறப்பட வேண்டும்?

சின்னமுத்து என்று சந்தேகம் வந்த உடனேயே பிள்ளையை ஒரு முறை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம் என்று அவர் சொன்னால், பின்வருவனவற்றைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மூச்சு வேகமாக இருத்தல். பிள்ளை அமைதியாக இருக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 தடவை அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 தடவை அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு.

மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிதல். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டல்.

பால் அல்லது தண்ணீர் குடிக்க முடியாமை. குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல்.

வலிப்பு, எழுப்ப முடியாத நித்திரை, ஆளைத் தெரியாத தடுமாற்றம்.

வயிற்றோட்டத்தோடு கண் குழிதல், சிறுநீர் குறைதல்.

கருவிழி மங்குதல், கண்ணில் கடும் வலி; காதிலிருந்து சீழ் வடிதல்.

தழும்பு தோன்றி நான்கு நாட்கள் கடந்தும் காய்ச்சல் விடாமை, அல்லது விட்ட காய்ச்சல் மீண்டும் வருதல். முத்து இறங்கியதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, போசாக்குக் குறைந்த பிள்ளை, கர்ப்பிணித் தாய் ஆகியோருக்குச் சின்னமுத்து கண்டால் ஆரம்பத்திலிருந்தே வைத்தியரின் பொறுப்பில் விடுவதே நல்லது. வாகனம் இல்லாதவர்கள் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வைத்தியசாலைக்குப் போனதும் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் போய் நிற்க வேண்டாம். வாசலிலேயே "இது சின்னமுத்தாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். அந்த வரிசையில் நிற்கும் கைக்குழந்தைக்கும், வயிற்றுப் பிள்ளைத்தாய்க்கும், புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு வார்த்தை பாதுகாப்பு. உங்களைத் தனி அறைக்கு அனுப்பினால் அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். பல நாடுகளில் சின்னமுத்து வைத்தியசாலைகளுக்குள்ளேயே பரவியிருக்கிறது.

நோயாளியோடு பழகியவர்களும் காத்திருக்கக் கூடாது. ஊசி போடாதவருக்கு, நோயாளியைச் சந்தித்து 72 மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்புண்டு. ஊசி போட முடியாத கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு நாட்களுக்குள் வேறொரு மருந்து கொடுக்கலாம். ஆகவே வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தவுடன் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கோ பொதுச் சுகாதார பரிசோதகருக்கோ அறிவிக்க வேண்டும்.

எமது கையில் உள்ளவை

வாசகர்களுள் பலர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும், மாதர் சங்கங்களிலும், முன்பள்ளிகளிலும் பணியாற்றுபவர்கள். உங்களிடம் நாம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டு எம்.எம்.ஆர். ஊசிகளும் பதியப்பட்டுள்ளனவா? இல்லையெனில் தாயைக் கடிந்துகொள்ளாமல், கையோடு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, வளர்ந்தவர்களின் கணக்கையும் எடுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்தோர், வேலைக்காகக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகவிருப்போர், தமக்கு ஊசி கிடைத்ததா என்று அறியாதவர்களாயின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஆலோசனை கேட்கட்டும். திருமணத்துக்கு ஆயத்தமாகும் பெண்கள் கருத்தரிக்கு முன்னரே கேட்கட்டும். கர்ப்ப காலத்தில் இந்த ஊசி போடுவதில்லை.

மூன்றாவது, பயப்படும் தாயின் பயத்தைக் கேளுங்கள். ஊசியின் பின் ஒரு சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மெல்லிய தழும்பும் வருவதுண்டு. அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். உண்மையை மறைத்த இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது. நம்பிக்கை ஒரு முறை உடைந்தால் எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சமோவா எமக்குக் காட்டிவிட்டது.

2023 இல் மட்டும் உலகில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சின்னமுத்தினால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அறுபது ஆண்டுகளாகத் தடுப்பூசி இருக்கும் ஒரு நோயினால் இவ்வளவு மரணம் என்பது எம் அனைவரின் மனச்சாட்சிக்கும் உரிய கணக்கு.

அந்த எட்டு மாதக் குழந்தை இன்று பதின்ம வயதை எட்டிவிட்டது. வகுப்பில் முன்வரிசையில் இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. தாய்மாமன் தன் திருமணத்துக்கு முன் தானாகவே சுகாதாரப் பணிமனைக்குப் போனார். "எனக்குத்தான் முத்து வந்திட்டுதே, இனி வராது. ஆனா எனக்கு மனிசியா வரப்போறவவுக்கு ஊசி போட்டதோ தெரியாது ஃபாதர், அவவையும் கூட்டிக்கொண்டு போறன்" என்று போகும் வழியில் எம்மிடம் சொன்னார்.

யாருடைய பிழை என்ற கேள்விக்கு எம்மிடம் இன்றும் விடை இல்லை. ஊசி போட முடியாத அந்தச் சின்னஞ்சிறிசுகளைச் சுற்றி வேலியாக நிற்க வேண்டியவர்கள் ஊசி போடக்கூடிய நாம் அனைவரும் என்பது மட்டும் தெரிகிறது. வேலியில் ஒரு கதியால் விழுந்திருந்தாலும் ஆடு உள்ளே வரும். எமது கதியால் நிற்கிறதா என்று இன்று மாலையே வீட்டிலுள்ள பதிவேட்டை எடுத்துப் பார்ப்போம்.